தையல்காரர் காரில் மூன்றாவது விளக்கு

காலைக் குனிந்து பார்க்காமல், அது இப்போது எதன்மேல் இருக்கிறது என்று உன்னால் சொல்ல முடியுமா?

பேண்ட் நீளத்தைக் குறைக்கக் கொடுக்கப் போன இடத்தில் தையல்காரர் என்னிடம் இப்படிக் கேட்டார். இதென்ன கேள்வி என்று நினைத்தேன். பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் கதையைக் கேட்ட பிறகுதான் அது சும்மா கேட்ட கேள்வி இல்லை என்று புரிந்தது.

தெருவில் அவருக்குக் கத்தரி என்று பெயர். துணியை வெட்டுவதற்கு முன்னால் ஆளை வெட்டிவிடுவார். அளவு எடுக்கும்போது, "போன வருஷத்தைவிட ரெண்டு சுற்று கூடியிருக்கு. வீட்டுல சண்டையே இல்லை போல" என்பார். அளவு கொடுப்பவர் வயிற்றை எக்கிக்கொள்வார். "மூச்சை விடுங்க, சட்டை போட்டதும் எப்படியும் விடத்தானே போறீங்க."

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு கிறுக்கு, அந்தக் கார். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, துணிக்கூரை போட்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார். கிழிந்த கூரையைத் தைக்கக் கொண்டுவந்தவர், போகும்போது காரையே இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். மனைவி அதற்குத் தவளை என்று பெயர் வைத்தார். "மத்தவங்க கார்ல ஏறி உட்காருவாங்க, நாம இறங்கி உட்காரணும்" என்பார். ஆனாலும் மாலையானால் மருத்துவமனை வாசலில் தவளைக்காகத்தான் காத்திருப்பார். அங்கே சலவைப் பிரிவில் அவருக்கு வேலை.

தையற்கடைத் தரையில் குண்டூசி கிடக்காத நாள் கிடையாது. "ஊசி விழுந்தா தேட வேணாம், உங்க கால் கண்டுபிடிச்சுடும்" என்று மனைவி கேலி செய்வார். கொஞ்ச காலமாகக் கால் கண்டுபிடிப்பதை நிறுத்தியிருந்தது. பார்த்து நடக்கப் பழகிவிட்டோம் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஒருநாள் மனைவி தரை துடைக்கும்போது சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. அவற்றைப் பின்தொடர்ந்து போனால், மேசையடியில் அவர் குதிகாலில் ஓர் ஊசி ஏறியிருந்தது. அவர் மேலே காலருக்குக் குறி போட்டுக்கொண்டிருந்தார்.

"வலிக்கலையா?"

"வேலையில இருந்தேன்."

அவருக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை சாப்பிடுகிறோம், அப்புறம் என்ன என்று இருந்தார். இன்னொரு நாள் எதிர்க்கடைக்காரர், இவர் காலிலிருந்து வழியில் கழன்று கிடந்த ஒற்றைச் செருப்போடு வந்து, "இது உங்களைத் தேடுது" என்று நீட்டினார். அதற்கும் சிரித்துவிட்டார்கள். காரில் பிரேக் பேட் சீக்கிரம் சீக்கிரம் தேய்ந்தது, பழைய வண்டி அப்படித்தான் என்று விட்டுவிட்டார். தையல் மிஷினில் தப்பு வரவில்லை. மோட்டார் சத்தத்தை வைத்தே எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்று காது சொல்லிவிடும்.

அப்புறம் அந்த விபத்து. மனைவியை அழைத்துக்கொண்டு வரும் வழியில் சிவப்பு சிக்னலில் நிறுத்தினார். பின்னால் வந்த லாரி இடித்தது. காரின் பின்பக்கம் நசுங்கியது. மனைவிக்குக் கழுத்து பிசகி, அப்புறம் பல நாள் பட்டை போட வேண்டியிருந்தது. லாரிக்காரர் இறங்கி ஓடிவந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"அண்ணே, பாலம் இறங்கினதுலேர்ந்து உங்க பிரேக் லைட் எரிஞ்சுக்கிட்டேதான் வந்துச்சு. எப்போ நிறுத்துவீங்கன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"மிதிக்காம லைட் எரியுமாய்யா? பொய் சொன்னாலும் அளவெடுத்துச் சொல்லணும். சட்டைத்துணியில கால்சட்டை தைக்காதே."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். போலீஸ்காரரிடமும் தையல்காரர் அதையேதான் சொன்னார். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். ஒரு வாரத்தில் லாரி முதலாளி கடைக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். "இடிச்சதுகூடப் பரவாயில்லை, அதுக்கு ஒரு பொய் வேற. அவனை அனுப்பிட்டேன்" என்றார். தையல்காரர் சரி என்று சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்தார். அப்போது மனதில் ஒன்றும் ஓடவில்லை என்றார் என்னிடம்.

மனைவியின் தம்பி கார்களுக்கு எலக்ட்ரிக்கல் வேலை செய்பவர். நசுங்கிய இடத்தைத் தட்டிச் சரிசெய்து வந்த காரைச் சுற்றிப் பார்த்தார்.

"லாரிக்காரன் உட்கார்ற உயரத்துக்கு உங்க வண்டி சாக்கடை மூடி மாதிரி, மாமா. பம்பர் பக்கத்துல இருக்கிற லைட் அவன் கண்ணுலயே படாது. மேல ஒண்ணு போடணும்."

"கூரையில ஓட்டை போட விடமாட்டேன், மாப்ள. மூணு தடவை தைச்ச கூரை."

"ஓட்டையே வேணாம்."

இருக்கைகளுக்குப் பின்னால், கார் கவிழ்ந்தால் தலையைக் காக்க ஓர் இரும்பு வளைவு இருந்தது. அதன் உச்சியில் ஸ்கேல் நீளத்துக்கு ஒரு சிவப்பு விளக்கைக் கவ்விகளால் இறுக்கினார்கள். கூரை மூடியிருந்தால் பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னல் வழியாகத் தெரியும், திறந்திருந்தால் நேராகவே தெரியும். ஒயரை வளைவோடு இறக்கி, டிக்கிக்குள் கொண்டுபோய், பழைய பிரேக் விளக்குக்குப் போகும் ஒயரோடு சேர்த்தார் மைத்துனர். தொங்கிய ஒயருக்குத் தையல்காரர் கறுப்புத் துணியில் ஜிப் வைத்த உறை ஒன்று தைத்துப் போட்டார். காருக்கே கோட்டு போட்டதுபோல இருந்தது.

பிறகு சோதனை. ஒருவர் மிதிக்க வேண்டும், ஒருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும்.

"மிதிங்க மாமா."

எரிந்தது.

"விடுங்க."

"விட்டுட்டேன்."

"விடுங்கன்னேன்."

"விட்டுட்டேன்னு சொல்றேன்ல."

விளக்கு அணையவில்லை. மைத்துனருக்குத் தன் வேலைமேல் சந்தேகம். சேர்த்த ஒயரைப் பிரித்து மறுபடி சேர்த்தார். அணையவில்லை. மிதிக்கு மேலே இருக்கும் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று மாமாவை இறக்கிவிட்டுத் தலைகீழாக நுழைந்து கையால் அழுத்தினார். டிக் என்று எரிந்தது, டிக் என்று அணைந்தது. எத்தனை தடவை அழுத்தினாலும் ஒழுங்காக வேலை செய்தது.

"உங்க கால்தான் மாமா. நாள் முழுக்க மிஷின் மிதியிலயே இருந்து பழகிடுச்சு. அதுக்கு லீவு கொடுங்க."

"முதலாளிக்கே லீவு இல்லை, காலுக்கு எங்கே."

இருவரும் சிரித்துவிட்டுக் கை கழுவினார்கள்.

அன்று மாலை கூரையை மூடிக்கொண்டு மனைவியை அழைத்துவரக் கிளம்பினார். வெளிச்சம் மங்கியதும் நடுக் கண்ணாடியில் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. புது விளக்கின் வெளிச்சம் பிளாஸ்டிக் ஜன்னலில் பட்டு, அவர் கண்ணுக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. பிரேக் போட்டால் வரும் என்று நினைத்தார். ஆனால் நேர்ச்சாலையில், வேகம் கூட்டும்போதும் அந்தக் கோடு இருந்தது. காலை நகர்த்தினார். நகர்த்தியதாக நினைத்தார். கோடு அப்படியே நின்றது.

ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, குனிந்து பார்த்தார். அந்தக் காரில் மிதிகள் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கும். ஷூவின் பாதி ஆக்ஸிலேட்டரில், ஓரம் பிரேக்கில். அவர் வேறு யாருடைய ஷூவையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். கையால் முழங்காலைப் பிடித்துத் தூக்கியதும் கண்ணாடியில் கோடு மறைந்தது. விட்டதும் வந்தது.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம் என்பார்கள். இவர் காலுக்கு வேண்டியிருந்தது.

ஊசி, செருப்பு, சீக்கிரம் சீக்கிரம் தேய்ந்துபோன பிரேக் பேட், எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. கடைசியாக லாரிக்காரரின் வெளிறிய முகம். பயம் வரவேண்டும் என்று காத்திருந்தார். அதுவும் வரவில்லை. மைத்துனருக்குப் போன் செய்து, அக்காவைக் கூட்டிக்கொண்டு இங்கே வா என்றார். இருவரும் பைக்கில் வந்தார்கள்.

"தவளை படுத்துடுச்சா?" என்றார் மனைவி.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. அந்த ஆள் சொன்னது நிஜம்."

"எந்த ஆள்?"

"லாரிக்காரன். லைட் எரிஞ்சுக்கிட்டேதான் இருந்திருக்கு. என் கால் எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியல."

மனைவியின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்.

சர்க்கரை காலின் உணர்ச்சியை எவ்வளவு மழுக்கியிருக்கிறது என்று பார்க்க, டாக்டர் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொட்டார். தொடும்போதெல்லாம் சொல்ல வேண்டும். டாக்டர் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துத் தையல்காரர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணைத் திறந்தபோது டாக்டர் இழையைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து நேராக லாரி ஷெட்டுக்குப் போனார். முதலாளி நாற்காலி போடச் சொன்னார். இவர் நின்றபடியே சொன்னார்.

"உங்க ஆள் பொய் சொல்லல. என் கால் பிரேக் மேலேயே இருந்திருக்கு, எனக்கு உணர்ச்சியில்லாம தெரியல. நான்தான் தெரியாம அவரைப் பொய்யனாக்கிட்டேன். கூப்பிட்டு வேலை கொடுங்க."

முதலாளி இவர் காலைப் பார்த்தார். "எங்கேன்னு கூப்பிடறது? ரூமைக் காலி பண்ணிட்டுப் போயிட்டான். போனும் எடுக்கிறதில்லை. யாரும் வேலை கொடுக்கலைன்னு கேள்வி. பொய் சொல்றவன்னு நானே நாலு இடத்துல சொல்லிட்டேன்."

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய் எழுதிக் கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

இப்போது காரை ஓட்டுவது மனைவி. தம்பிதான் கற்றுக்கொடுத்தார். தையல்காரர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பின் ஜன்னலில் சிவப்புக் கோடு வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டு போகிறார். வண்டியை வெட்டிவிட்டுப் போகிறவர்களைக்கூட அவர் இப்போது வெட்டிப் பேசுவதில்லை. போன வாரம் சிக்னலில் மனைவி அவர் பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, "அங்கே மிதி இல்லைங்க" என்றாராம். அவரும் குனிந்து பார்த்தார். வலது கால் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

லாரிக்காரரின் பெயர் தையல்காரருக்குத் தெரியும், ஆனால் அதை எழுத வேண்டாம் என்றார். அந்தப் பெயர் ஏற்கெனவே போதுமான வாய்களில் அடிபட்டுவிட்டதாம். அதனால் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். லாரி ஓட்டுகிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர் இன்னொருவருக்குச் சொல்லட்டும். பாலம் இறங்கியதிலிருந்து விளக்கு எரிந்துகொண்டே வந்தது என்று சொன்னவர் எங்கே இருந்தாலும், அது உண்மைதான் என்று இடிபட்ட காரின் சொந்தக்காரரே ஒத்துக்கொண்டார் என்பது அவர் காதுக்குப் போய்ச் சேர வேண்டும்.