மேலே போன கல்

அவளுக்குப் பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘அவசரம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். தையல் பழகப் போனாள், பாதியில் விட்டாள். கார் ஓட்டப் பழகினாள், ரிவர்ஸ் எடுப்பதற்குள் அலுத்துவிட்டது. இரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலை மட்டும் எப்படியோ நிலைத்தது. ஊசியை எடுத்ததும் எதிரே அடுத்த ஆள் வந்து உட்கார்ந்துவிடுகிறாரே, அலுக்க நேரம் ஏது?

அப்படிப்பட்டவள் நாற்பதை நெருங்கும்போது மாலை வகுப்பில் இயற்பியல் முதுகலை சேர்ந்தாள். ஈர்ப்பு என்பது இழுக்கும் விசையே இல்லை, காலமும் வெளியும் வளைந்திருப்பதுதான் என்று பொதுச் சார்பியல் வகுப்பில் கேட்ட நாளிலிருந்து சோறு தண்ணி இறங்கவில்லை. ஆனால் பிடித்தால் மட்டும் போதுமா? எழுத்துத் தேர்வில் கோட்டை விட்டாள். மிச்சம் இருந்தது ஒரே வாய்ப்பு, கரும்பலகை முன் நின்று பதில் சொல்லும் வாய்மொழித் தேர்வு. அதிலும் போனால் படிப்பிலிருந்தே வெளியே.

கணவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. தேர்வன்று ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, “நீ போ, நான் இங்கேயே நிக்கிறேன்” என்றார்.

பேராசிரியர் கேட்டது எளிய கேள்விதான். பூமிக்கு மேலே கையிலிருந்து விட்ட கல் எப்படி நகரும், சமன்பாடுகளிலிருந்து வருவித்துக் காட்ட வேண்டும். மடமடவென எழுதினாள். கடைசி வரியை இன்னொரு முறை படித்தாள். அவள் கணக்குப்படி கல் மேலே போய்க்கொண்டிருந்தது.

ஒரு மைனஸைச் செருகினால் வேலை முடிந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து அவளுக்குப் பழகிய கைவரிசை அது. சாக்பீஸ் பலகை வரை போய்த் திரும்பியது.

“சார், கல்லு மேல போகுது. எங்கயோ தப்பு பண்ணிட்டேன்.”

“அது தெரியுது. எங்க?”

கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பலகையின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்து, வரிவரியாகப் பின்னால் போனாள். தப்பு முதல் வரியிலேயே உட்கார்ந்திருந்தது. நூலகப் புத்தகம் ஒன்றைப் பாதியில் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்றை எடுத்துப் படித்தவள் அவள். ஒரு புத்தகத்தில் காலத்துக்கு மைனஸ் குறி, வெளிக்கு ப்ளஸ், மற்றதில் நேர்மாறு. எதை வைத்துக்கொண்டாலும் சரிதான், கலக்கக் கூடாது. இவள் இதிலிருந்து ஒன்று, அதிலிருந்து ஒன்று என்று எடுத்து, இரண்டுக்கும் ப்ளஸ் போட்டிருந்தாள்.

“ரெண்டு புத்தகத்துக்கும் கல்யாணம் பண்ணி வச்சிருக்கீங்க” என்று பேராசிரியர் சிரித்தார். “திருத்துங்க.”

திருத்தினாள். கல் மரியாதையாகக் கீழே வந்தது.

“பாஸ். போகலாம்.”

படியிறங்கும்போது சந்தோஷத்தில் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கணவர் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

“சரி விடு, போனா போகுது. இந்த வயசுல இவ்வளவு தூரம் வந்ததே பெருசு. வா, வெளிய எங்கயாவது சாப்பிடலாம். அதுக்குத்தான் இன்னிக்கு லீவே போட்டேன்.”

“பாஸ் ஆயிட்டேன்” என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. பொய்யில்லை, நிஜமாகவே மலர்ந்தது. ஆனால் அவளுக்கு உள்ளே ஏதோ அறுந்துவிட்டது.

“எப்ப யோசிச்சு வச்சீங்க?”

“எதை?”

“இந்த ஆறுதலை. லீவு போடும்போதேவா?”

அவள் ஸ்கூட்டரில் ஏறாமல் விறுவிறுவென நடக்க ஆரம்பித்தாள். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே பின்னால் வந்தார்.