பாலத்துச் சுவரும் அண்ணனும்

எங்கள் அண்ணனை வழியனுப்பி ஓராண்டு நிறைகிறது. நல்லதை மட்டும் எழுது என்று அண்ணி சொல்லியிருக்கிறார். மலைப்பாதையில் மாட்டிய அந்த டிரெய்லர் வண்டியை விட்டுவிட்டு அண்ணனைப் பற்றி நான் என்னத்தை எழுதுவது?

பழனி அடிவாரத்தில் பிறந்தவர். அப்பா காலமானபோது அவருக்கு மீசைகூட அரும்பவில்லை. லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, கனத்த பாரம் ஏற்றும் கம்பெனியில் மேஸ்திரியானார். தங்கை என்னையும் படிக்க வைத்தார். அவருக்குக் கல்யாணமானதும் கொடைக்கானல் பக்கம் அட்டுவம்பட்டியில் குடியேறினோம்.

கொடைக்கானலுக்கு ஒரு பெரிய டிரான்ஸ்பார்மர் ஏற்ற வேண்டி வந்தது. எந்த டிரெய்லர் என்பது அண்ணன் முடிவு. அச்சு குறைந்த குட்டை வண்டி வளைவில் சுளுவாகத் திரும்பும். ஆனால் பாரம் முழுவதும் சில சக்கரங்களில் இறங்கினால் பழைய கல்பாலங்கள் தாங்காது. அச்சு கூடிய நீள வண்டி பாரத்தைப் பரப்பிவிடும், திரும்புவதுதான் பாடு. அண்ணன் மலைச்சாலையை நடந்தே பார்த்தார். வளைவுகளைக் கயிறு பிடித்து அளந்தார். நீள வண்டியை எடுத்தார். ஒரு வளைவில் பாலத்தின் கைப்பிடிச் சுவர் துருத்திக்கொண்டிருந்ததை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டார்.

மாட்டியது அங்கேதான். முன்பக்கம் பாறையில் இடிக்க, பின்பக்கம் சுவரில் உரச, முன்னேயும் போகாமல் பின்னேயும் வராமல் வண்டி சாலையை அடைத்து நின்றது. சுவரை இடித்தால் பாலமே சரியும். திட்டாத வாய் இல்லை.

மலையிலிருந்து இறங்கி வந்து மேல்பக்கம் நின்ற டாக்ஸி ஒன்றில் நானும் அண்ணியும் இருந்தோம். அண்ணிக்குத் தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் அனுப்பியிருந்தார். நிற்பது யார் வண்டி என்று தெரிந்ததும் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமா! எல்லார் முன்னாலும் அவரை வாய்க்கு வந்தபடி பேசினேன்.

அவர் பாரம் தூக்கும் கலாசிகளை அழைத்தார். அண்ணியைக் கம்பளியில் கிடத்தி, கீழ்ப்பக்கம் கடத்த டிரெய்லர் மேலேயே ஏற்றினார்கள். டிரான்ஸ்பார்மரை ஒட்டிய பலகையில் கால் வைக்கத்தான் இடம். மூலையில் கம்பளி திரும்பவில்லை. "பின்னால தூக்கிப் பிடிங்கப்பா, திருப்பிருவோம்" என்றார் கலாசிகளின் தலைவர் மாயாண்டி. திருப்பினார்கள்.

கீழே நின்ற காப்பித் தோட்டத்து ஜீப்பில் அண்ணியை ஏற்றினோம். நீங்களும் வாங்க என்று அண்ணன் கையைப் பிடித்து இழுத்தேன்.

"நான் எப்படிம்மா வர? சக்கரத்துக்குக் குடுத்த கட்டை வழுக்குச்சுன்னா கீழ நிக்கிற அம்புட்டுப் பேரும் போயிருவாங்க. நீ வெரசா கூட்டிட்டுப் போ."

மதுரையில் ஆபரேஷன் செய்து இருவரையும் பிழைக்க வைத்தார்கள். வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அங்குலம் அங்குலமாக நகர்த்தி மீட்ட பிறகுதான் அண்ணனால் வர முடிந்தது. பிள்ளையைக் கையில் வாங்கவே பயந்தார். அதற்குப் பிறகு, கொடைக்கானல் குளிரிலும், அவர் கதவைச் சாத்திப் படுத்ததே இல்லை.

கடைசி மாதங்களில் நெஞ்சுச் சளி மூச்சை அடைத்தது. கதவும் ஜன்னலும் திறந்தே கிடக்கும். "மாட்டிக்கிட்டேன்மா" என்பார். எனக்கு அழுகைதான் வரும்.

எங்கள் வீட்டுப் படி இறங்கும் சந்து குறுகல். பாடை முடுக்கில் மாட்டிக்கொண்டது. தூக்கியவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மாயாண்டி முன்னே வந்து தோள் கொடுத்தார்.

"அண்ணே, கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்று பாடையில் கிடந்த அண்ணனிடமே சொன்னார். "பின்னால தூக்கிப் பிடிங்கப்பா, திருப்பிருவோம்."

அன்று ஜீப் கொடுத்த தோட்டத்தாருக்கும், கடைசிவரை வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், துக்கத்தில் வந்து நின்ற உறவினருக்கும் எங்கள் நன்றி. மாயாண்டி அண்ணனுக்கும் அவருடைய ஆட்களுக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. எங்கள் அண்ணனை எங்கேயும் முட்டாமல் கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள்.