நாலாவது குவியல்

போன தை மாதம், பூட்டிக் கிடந்த என் மாவு மில் கொட்டகையைத் திறந்தேன். டீசலும் பழைய சாமை மாவும் கலந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. மில் ஓடின காலத்தில் நான் வாசலை மிதிக்கும் முன்பே இந்த வாசனை ஊட்டுக்குள் போய்விடும். "உங்கப்பா வாரார், எலையைப் போடு" என்பாள் என் சம்சாரம். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

திறந்தது ஆசைக்கு அல்ல. மறுநாள் சொத்தைப் பாகம் பிரிப்பதாக இருந்தேன். வயல் நடுவுலவனுக்கு, மிளகுத் தோட்டம் சின்னவனுக்கு, ஊடு மகளுக்கு. பெண்ணுக்கும் சரிபாகம் கொடுக்கிறவன் நான், அதையும் சொல்லிவிடுகிறேன். மில் இன்ஜினைப் பேளுக்குறிச்சி பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடுவது என்று பேச்சு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் இவ்வளவு சேர்த்திருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த இன்ஜின் மலைக்கு வந்த கதையைக் கேட்டால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். எங்கள் குண்டனி நாட்டு ஊர்கள் பக்கம் அப்போது லாரி வராது. ரோடு முடிகிற இடத்தில் இறக்கி, மூங்கிலில் கட்டி, ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்துத் தூக்கி வந்தோம். முன்னால் தோள் கொடுத்தது நான். பொம்பளைகள் உலக்கையைக் கீழே போட்டது என்னால்தான் என்று இன்றைக்கும் எவரிடமும் சொல்லுவேன். சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

புகைக்குழாய் நுனியில் ஒரு தகரக் குவளையைக் கவிழ்த்து வைத்திருந்தேன். இன்ஜின் ஓடினால் 'குக் குக்' என்று பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும். மில் ஓடுவது தெரியட்டும் என்று வைத்தது, வேறொன்றுக்கு உதவியது. எங்கள் மலையில் மஞ்சு இறங்கினால் நீட்டின கை தெரியாது. காட்டில் இருக்கிறவர்கள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே ஊடு வந்து சேருவார்கள். அதனால் அரைக்கத் தானியம் இல்லாத நாளிலும், மஞ்சு இறங்கினால் இன்ஜினைச் சும்மா ஓட விடுவேன். டீசல் வீண் என்று சம்சாரம் திட்டுவாள். பெரியவன் மாட்டோடு வந்து சேர்ந்த பிறகு திட்ட மாட்டாள்.

பெரியவன் என்றால் என் மூத்த மகன். எனக்குப் பிள்ளைகள் நாலு பேர். மாடு மேய்த்துவிட்டு மஞ்சுக்குள்ளிருந்து வருவான். முதலில் மணிச் சத்தம், அப்புறம் கொம்பு, அப்புறம் அவன். வளர்ந்ததும் போர் போடுகிற ரிக் லாரியில் வடக்கே வேலைக்குக் கிளம்பினான். பஸ்ஸில் ஏறும்போது தலையை வெளியே நீட்டிச் சிரித்தான். "மில்லை நிறுத்திப் போடாதீங்கப்பா. எனக்கு வழி தெரியோணுமில்லீங்க."

கொஞ்ச நாள் போன் பேசினான். அப்புறம் அந்த நம்பர் போகவில்லை. லாரிக்காரரைத் தேடிப் போய்க் கேட்டதற்கு, எங்கோ டீ குடிக்க இறங்கினவன் திரும்ப ஏறவில்லை என்றார். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன. பத்திரம் எழுதுகிற இடத்தில் இதைச் சொன்னேன். எல்லாம் உங்கள் சுய சம்பாத்தியம், மூத்தவர் கையெழுத்துத் தேவையே இல்லை என்றார்கள். நல்ல சேதிதான். ஆனாலும் அன்றைக்கு மலையேறி வருகிற பஸ்ஸில், ஏறுகிறவர்கள் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பத்திரம் எப்படியிருந்தாலும் எங்கள் ஊட்டு வழக்கம் ஒன்று உண்டு. பாயை விரித்து, சாமி விளக்கு முன்னால் ஆளுக்கொரு குவியலாகச் சாமையைக் கொட்ட வேண்டும். அவரவர் பங்கின் அடையாளத்தை அதன்மேல் வைக்க வேண்டும். வயல் மண் ஒரு கட்டி வைத்தேன். மிளகுக் கொத்து வைத்தேன். ஊட்டுச் சாவி வைத்தேன். பிள்ளைகள் யாரும் கை நீட்டவில்லை. என்னவென்று நிமிர்ந்தேன்.

"அப்பா, நாங்க மூணு பேருதானுங்களே" என்றாள் மகள் மெதுவாக.

பாயில் நாலு குவியல் இருந்தது. நாலாவதின் மேல் இன்ஜின் சக்கரத்து நட்டு ஒன்று. முந்தின நாள் கொட்டகையிலிருந்து அதை ஏன் மடியில் கட்டி வந்தேன், எப்போது எடுத்து வைத்தேன், எனக்குத் தெரியாது.

"வயசாச்சு கண்ணு, கை தப்பிருச்சு" என்று அள்ளப் போனேன். சின்னவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். கோழி ஒன்று வந்து அந்தக் குவியலைக் கொத்தியது. "பாருங்க, அண்ணன் பங்குக்கு இப்பவே ஆள் வந்திருச்சு" என்று கோழியை விரட்டினான். சிரிக்கத்தான் சொன்னான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

நடுவுலவன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். இரும்புக்காரர் லாரியோடு அடிவாரத்துக்கு வந்துவிட்டிருந்தார். "இப்ப வேண்டாமுங்க, திரும்பிக்குங்க" என்றான். அவர் என்ன கேட்டாரோ. "பங்காளி ஒருத்தரு இன்னும் வரோணுமுங்க" என்றான்.

அந்தச் சாமையை மகள் ஒரு சட்டியில் அள்ளி, நட்டையும் உள்ளே போட்டு மூடி வைத்திருக்கிறாள்.

இப்போது மலையில் சாமை விதைக்கிறவர்கள் குறைவு. அரைக்க வருகிறவர்களும் இல்லை. ஊடு திரும்புகிறவர்கள் கையில் செல்போன் வெளிச்சம் இருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் நல்ல மஞ்சு. கொட்டகைக்குப் போய்க் கைப்பிடி போட்டு இன்ஜினைச் சுற்றிப் பார்த்தேன். சக்கரம் கொஞ்சம் அசைந்தது, இன்ஜின் பிடிக்கவில்லை. பெல்ட் எப்போதோ இற்றுப் போயிருக்கிறது. கதவைத் திறந்து போட்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே ஒரு மாட்டு மணி கேட்டது. கொம்புக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.