நண்டுப் பொந்தும் போட்டோப் பெட்டியும்

சேரப்பணஞ்சேரி ஏரிக்கரையில் நண்டுப் பொந்துக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவுவதில் கண்ணப்பனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. உள்ளே நண்டு இருக்கலாம், பாம்பும் இருக்கலாம். இரண்டு முறை பாம்புதான் இருந்தது; கடித்தும் வைத்தது. நாட்டு வைத்தியர் கொடுத்த பச்சிலையை மென்று துப்பிவிட்டு, மறு வாரமே அதே பொந்தின் முன்னால் குந்திக்கொண்டார்.

அவருக்குப் பயம் என்று இருந்தது ஒன்றே ஒன்று: போட்டோ. எடுத்தால் ஆயுசு குறையும் என்று எவனோ சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தார். எழுபத்திரண்டாம் வருஷம் மகள் கல்யாணத்துக்குச் சுங்குவார்சத்திரத்திலிருந்து ஸ்டுடியோக்காரர் தாவீது வந்து கேமராவைத் தூக்கியதும், தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர் வைக்கோல் போருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்.

மனைவி மரகதம் தேடிக்கொண்டு வந்தாள். “பாம்புப் பொந்துல கைய வுடுற ஆம்பள, இந்தப் பொட்டியப் பாத்து ஓடுறியே.”

“பாம்பு கடிச்சா வைத்தியம் கீது. போட்டோ புடிச்சா இன்னா வைத்தியம் கீது, சொல்லு.”

ஆல்பத்தில் ஊரே இருக்கிறது, பெண்ணைப் பெற்றவரைத் தவிர.

நாலு வருஷம் கழித்துத் தாவீது மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். துக்கத்துக்குப் போன கண்ணப்பன் ஸ்டுடியோச் சுவரைப் பார்த்தார். யார் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். தாவீது மட்டும் இல்லை. மாலை போடக்கூட அவருக்கு ஒரு படம் கிடையாது.

“பாத்தியா,” என்று மரகதத்தின் காதைக் கடித்தார். “அவன் எடுத்துக்கவே இல்ல. வெவரமானவன்.”

“அப்பறம் ஏன்யா செத்தான்?”

கண்ணப்பன் சுவரில் சிரித்துக்கொண்டிருந்தவர்களைக் கைகாட்டினார்.

“எத்தினி பேரு ஆயுசக் கொறச்சான். அந்தப் பாவம் சும்மா வுடுமா?”