கறுப்புக் கோட்டில் வெள்ளைப் புள்ளி

சுப்புலட்சுமிக்கு அறுபத்தோரு வயது. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. ஒன்பது வயதில் பனியன் கம்பெனிக்குக் கைமடிக்கப் போனவர்; டெய்லர் தைத்துத் தள்ளுகிற துணியை வாங்கி மடித்துக் கொடுக்கும் வேலை. அங்கிருந்து பிசிறு வெட்டும் மேஜை, அங்கிருந்து செக்கிங் மேஜை. யாரும் சிபாரிசு செய்து ஏற்றிவிடவில்லை, கண்தான் ஏற்றிவிட்டது. கறுப்பு, நேவி, அடர்பச்சை என்று இருண்ட நிறமாக வந்தால் அந்த லாட்டு நேராக அவர் மேஜைக்குத்தான் போகும். மற்றவர்கள் மூன்று தடவை புரட்டிப் பார்த்துவிட்ட பீஸை அவர் ஒரே உதறு உதறி அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவார். அம்பு காட்டும் இடத்தில் குண்டூசி முனையளவு வெள்ளைப் பஞ்சு சிக்கியிருக்கும். ஆர்டர் கொடுக்க வந்த வெளிநாட்டு பையர் ஒருவர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கைகொடுத்திருக்கிறார். இதைச் சுப்புலட்சுமி நூறு தடவை சொல்லியிருப்பார். நூறு தடவையும் நிஜம்தான்.

அந்தக் கண்ணைத்தான் பெற்ற மகனே பழுது என்று சொல்லிவிட்டான்.

டிவியால் வந்த வினை. இரண்டு வாரத்துக்கு முன்னால் மகன் அருள்செல்வன் ஹாலில் ஷோகேஸ் மேலிருந்த டிவியை எடுத்துச் சுவரின் உச்சியில் மாட்டினான். ஒயர் எதுவும் வெளியே தெரியக்கூடாதென்று எல்லாவற்றையும் பின்னால் திணித்துவிட்டான். நெட்டில் படம் காட்டுகிற பெட்டியும் கேபிள் பெட்டியும் மட்டும் கீழே ஷோகேஸில் இருந்தன. அன்று சாயங்காலம் மருமகள் நதியா ஒரு துப்பறியும் தொடரைப் போட்டாள். அதில் வரும் இன்ஸ்பெக்டருக்குக் கறுப்புக் கோட்டு. அந்தக் கோட்டின் மேல் உப்பைத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள் மின்னி மின்னி மறைந்தன.

சுப்புலட்சுமி சொன்னார். நெட்டு மெதுவாக வருகிறது என்று மோடத்தை அணைத்துப் போட்டான் மகன். புள்ளி போகவில்லை. அப்புறம், அப்படியொரு புள்ளியே இல்லை என்றார்கள் இரண்டு பேரும். இன்ஸ்பெக்டரின் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கோட்டு எங்கே தெரியப்போகிறது? ஆனால் அருள்செல்வன் போனில் எதையோ தேடிப் படித்துவிட்டு, வயதானவர்களுக்குக் கண்ணில் புள்ளி மிதக்குமாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான். முதலில் டிவி மெக்கானிக் வரட்டும், அப்புறம் ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இவர் முறைத்தார்.

அதோடு விட்டானா? வெள்ளிக்கிழமை கம்பெனி மேனேஜர் சிவசுப்பிரமணியத்துக்குப் போன் போட்டு, அம்மாவுக்குக் கண் சரியில்லை என்று சொல்லிவிட்டான். சனிக்கிழமை காலை சுப்புலட்சுமி போய் நின்றால், அவருடைய மேஜையில் அனுசுயா என்கிற இன்னொரு செக்கிங்காரி நிற்கிறாள். முப்பத்திரண்டு வருஷம் நின்ற மேஜை. இவர் கையில் பிசிறு வெட்டும் கத்தரியைக் கொடுத்தார்கள். நான் என்ன தப்புப் பண்ணினேன் என்று கேட்டதற்கு, உங்க மகனே சொன்னாருங்கம்மா என்றார் மேனேஜர். அன்று முழுக்க வெட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மெக்கானிக் வந்தான். மூக்கையா என்று பெயர், உசிலம்பட்டிப் பக்கம், நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். டிவியில் பென்டிரைவைச் செருகி ஒரு படம் ஓட்டினான். மஞ்சள் பூ, பச்சைக்கிளி, வெள்ளை மணல். பளபளவென்று ஓடியது. டிவியில் ஒரு குறையும் இல்லை என்று பையை மூடினான். சொன்னதைச் சுப்புலட்சுமியிடமாவது சொன்னானா? மகனைப் பார்த்துச் சொன்னான்.

"அம்மாவுக்குக் கண்ணுல பொரை விழுந்திருக்கும் சார். எங்க அம்மாச்சிக்கும் இப்படித்தான்."

சுப்புலட்சுமிக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

"ஏனுங்க தம்பி, கறுப்புத் துணியில இருக்கற டேமேஜை வெள்ளைத் துணிய விரிச்சு வெச்சுங்களா தேடுவீங்க?"

துணி வேற, டிவி வேற என்று அவன் சிரித்தான். வேறா ஒன்றா என்று நான் சொல்கிறேன், உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு நதியாவை ஜன்னல் திரையை இழுத்துவிடச் சொன்னார். அந்தத் தொடரையே போடச் சொன்னார். கறுப்புக் கோட்டு முழுசாக வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். இன்ஸ்பெக்டர் பாதி வாயைத் திறந்தபடி நின்றார். புள்ளிகள் நிற்கவில்லை. மூன்று பேரையும் ஸ்டூல், நாற்காலி என்று ஏற்றி டிவிக்கு ஒரு அடி தூரத்தில் நிறுத்தினார்.

"ஆமாங்க அத்தை," என்றாள் நதியா. "மினுக்கு மினுக்குங்குதுங்க."

படமே நின்ற பின்னும் புள்ளி ஓடுகிறதென்றால், அது படத்தோடும் வரவில்லை, நெட்டோடும் வரவில்லை. அடுத்து கேபிள் சேனலுக்கு மாற்றி இருட்டான காட்சி வரும்வரை காத்திருந்தார்கள். அடுப்புக்கரி மாதிரி சுத்தமாக இருந்தது.

"எங்கண்ணுல பொரை இருந்தா, கேபிளுக்கு மட்டும் லீவு உட்டுருமாங்க?"

மூக்கையா மூடிய பையைத் திரும்பத் திறந்தான். சந்தேகத்திலிருந்து டிவியும் கழன்றது, கண்ணும் கழன்றது. மிச்சம் பெட்டியும் அதன் ஒயரும்தான். கேபிள் பெட்டியின் ஒயரைப் பிடுங்கி நெட் பெட்டிக்குப் போடச் சொன்னார் சுப்புலட்சுமி. போட்டான். கோட்டு கன்னங்கரேலென்று வந்தது. பழைய ஒயரைத் திரும்பப் போட்டான். உப்புத் தூவியது. பழைய ஒயரைப் பின்னாலிருந்து உருவிப் பார்த்தால், டிவி மாட்டிய இரும்புச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் மடங்கி நசுங்கிக் கிடந்திருக்கிறது. திணித்தது யார்? அருள்செல்வன்.

நெட் பெட்டியிலிருந்தே இருட்டுக் காட்சியை முதலில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்று மூக்கையா ஒப்புக்கொண்டான். "அடுத்த வீட்டுக்கு நீங்களும் வாங்கம்மா, பையை நான் தூக்கிட்டு வர்றேன்."

நாளைக்கு வேறு ஒயர் வாங்கிக்கலாம் என்று அருள்செல்வன் ரிமோட்டைத் தேடினான். ரிமோட் அம்மா கையில் இருந்தது.

"ஒயரை மாத்திப்போடுவ. சிவசுப்பிரமணியத்துகிட்டச் சொன்னதை யாரு மாத்தறது?"

அவன் தரையைப் பார்த்தான். "டாக்டர் பாத்துட்டு நல்லாருக்குதுன்னுட்டார்னு சொல்லிக்கறனுங்கம்மா."

"எந்த டாக்டரு? ஒயர்ல இருந்த டேமேஜை எங்கம்மா கண்ணு மேல போட்டுட்டனுங்கன்னு சொல்லு. இப்பவே சொல்லு."

மூக்கையா இல்லாத ஸ்குரூவைப் பைக்குள் தேட ஆரம்பித்தான். அருள்செல்வன் போனைப் போட்டான். சாப்பாடு ஆச்சுங்களா, ஷிப்மென்ட் எப்படீங்க என்று சுற்றி வளைத்தான். சுப்புலட்சுமி அவன் முன்னால் வந்து நின்றார். அப்புறம் அவர் சொன்னபடியே, ஒரு சொல் குறையாமல் சொன்னான். காது சிவந்துபோனது. அந்தப்பக்கம் மேனேஜர் கொஞ்ச நேரம் பேசினார்.

அருள்செல்வன் போனைக் கையால் பொத்தினான். "நாளைக்கு எட்டரைக்கு நேவி லாட்டு வருதாமுங்கம்மா. உங்க மேஜைக்கே வரச் சொல்றாருங்க."

"எட்டு மணிக்கே நிப்பேன்னு சொல்லு. நேத்து அனுசுயா பாஸ் பண்ணுன பீஸ் எதையும் பேக்கிங் பெட்டியில போட வேண்டாம்னு சொல்லு. நான் ஒருக்கா பாக்கோணும்."

அருள்செல்வன் கையை எடுத்துவிட்டு அதையும் சொன்னான்.