வெயில் தாங்காத மெழுகு

மகள் அனுராதா போனில் கேட்டதும் பழனிச்சாமிக்குத் தலைகால் புரியவில்லை. மே மாதம் சென்னையில் பேரனுக்கு மூன்றாவது பிறந்தநாள். வருகிறவர்களுக்குக் கொடுக்க முப்பது மெழுகுவர்த்தி வேண்டுமாம்.

"சாதா மெழுகு வேண்டாங்கப்பா. உங்க பேரனுக்கு இழுப்பு இருக்குது, புகை ஆகாது. இயற்கை மெழுகாப் பாத்து ஊத்துங்க."

மலைமேல் வெலிங்டன் ராணுவ ஸ்டோரில் முப்பத்தோரு வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் பழனிச்சாமி. மனைவி போன பிறகு பேச ஆளில்லை. கைக்காவது வேலை இருக்கட்டுமென்று மெழுகுவர்த்தி ஊற்றப் பழகினார். அக்கம்பக்கத்தார் ஓசியில் வாங்கிக்கொண்டு பாராட்டுவார்கள். மகள் கேட்டது இதுதான் முதல் தடவை. அப்படியே "நீங்களே எடுத்துட்டு வந்துருங்கப்பா" என்றும் சொல்லிவிடுவாள் என்று நம்பினார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை பாடும்.

ஸ்டோர் கிளார்க் புத்தி எங்கே போகும்? மூன்று மெழுகை மூன்று டம்ளரில் ஊற்றி, சீட்டு ஒட்டி, எரித்துப் பார்த்தார். சோயா மெழுகு மறுநாளே மேலெல்லாம் உப்புப் பூத்த மாதிரி வெளுத்தது. கோத்தகிரிப் பக்கம் தேன் எடுக்கும் வேலன் கொண்டுவந்த தேன்மெழுகு நின்று எரிந்தது; ஆனால் பழுப்பு நிறம், நடுவில் குழி. தேங்காய் மெழுகுதான் வெள்ளை வெளேரென்று வழுவழுப்பாக, குளிரில் கல் மாதிரி இறுகி நின்றது. அதையே ஊற்றினார். தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெயையே அடுப்போரம் காட்டி உருக்கும் ஊர்க்காரர். கீழே போனால் அது என்ன ஆகும் என்று மனுஷன் யோசிக்கவே இல்லை.

"கூரியர்ல போட்டுருங்கப்பா" என்றாள் அனுராதா. போட்டார்.

நான்காம் நாள் போன் வந்தது. "ஏனுங்கப்பா, பெட்டி பூராம் எண்ணெய். திரிதான் மிதக்குது."

பழனிச்சாமிக்கு வெட்கமாகப் போய்விட்டது. "தேன்மெழுகு இருக்குது சாமி, அது வெயில் தாங்கும். ரெண்டே நாள்ல ஊத்திருவேன். கூரியருக்கு நேரம் பத்தாது..." என்று இழுத்தவர், கேட்டேவிட்டார். "நானே எடுத்துட்டு வந்துரட்டுமா?"



"மெழுகே தாங்கலையே, நீங்க எப்படிப்பா இந்த வெயிலைத் தாங்குவீங்க?" என்று சிரித்தாள். "அவரு ஊட்டு ஆளுங்க வேற வாராங்க. கடையில ஏதாச்சும் வாங்கிக்கறோம், நீங்க அலட்டிக்காதீங்க."

"அதுஞ் சரிதான் சாமி" என்று அவரும் சிரித்தார்.

போனை வைத்த பிறகும் நாற்காலியை விட்டு எழ மனம் வரவில்லை.  வெயிலெல்லாம் நான் தாங்குவேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லி, அதற்கு அவள் வேறொரு காரணம் சொல்லிவிட்டால்?