அவன் பெயர் போட்ட காமிக்ஸ்

காமிக்ஸ் விஷயத்தில் எனக்கு நிகர் யாருமில்லை என்று 1991 வரைக்கும் நினைத்திருந்தேன். நெடுஞ்சாலை ஓரத்து உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டு, பக்கத்து ஊரான பிள்ளைப்பாக்கத்து நண்பனுக்கு. அவன் படித்ததெல்லாம் என் புத்தகங்களைத்தான். கிரீஸ் கையோடு தொடாதே, அட்டையை மடக்காதே என்று ஆயிரம் நிபந்தனை போட்டுத்தான் கொடுப்பேன்.

அந்த வருஷக் கடைசியில், மெட்ராஸ் புத்தகக் கண்காட்சியில் எங்கள் அபிமான ஓவியர் ஞாயிறுதோறும் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறார் என்று தெரிந்தது. அவர் கையால் என் பெயரை எழுதி வாங்கிவிட வேண்டும். வேறு எந்த ஆசையும் அப்போது எனக்கு இல்லை. ஆனால் முதல் ஞாயிறு அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். தம்பிக்காரன் வீட்டில் இல்லாமல் இருக்க முடியுமா? நண்பன் போவதாகச் சொன்னான். இருந்ததிலேயே நல்ல பிரதியைக் கொடுத்து, என் பெயர் சொல்லி வாங்கி வா என்று அனுப்பினேன்.

திங்கட்கிழமை பஸ்ஸில் திறந்து பார்த்தேன். முதல் பக்கத்தில் ஓவியர் குதிரைமேல் கதாநாயகனையே வரைந்து கொடுத்திருந்தார். கீழே கையெழுத்து. மேலே நண்பனின் பெயர்.

“இன்னாடா இது?”

“பேரு இன்னான்னு கேட்டாரு. டக்குனு என் பேரைச் சொல்லிட்டேன். அங்க நின்னுகினு இருந்தது நான்தானே? புக்கு உன்னுது, கையெழுத்து என்னுது. இப்ப இன்னா பண்றது, நீயே சொல்லு.”

“நீயே வெச்சுக்க” என்று அவன் மடியில் போட்டேன். வேண்டாம் என்பான் என்று பார்த்தால், பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டான். கேன்டீனில் ஒவ்வொருவருக்கும் அவன் அதைப் பிரித்துக் காட்டியபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. சுத்தமான பொறாமை.

அடுத்த ஞாயிறு நானே போனேன். வரிசை நகர்ந்து நகர்ந்து என் முறை வந்தது.

“எந்த ஊரு தம்பி?”

ஸ்ரீபெரும்புதூர் என்றேன். அந்த வருஷம் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் எல்லோரும் மே மாதத்துக் குண்டுவெடிப்பைப் பற்றித்தான் கேட்பார்கள். அவர் அதைக் கேட்கவில்லை. முகம் மலர்ந்தது.

“போன வாரம் உங்க ஊர்ப் பக்கத்துலேர்ந்து ஒருத்தர் வந்தாரே! கதாநாயகனோட வாட்ச் ஒரு கட்டத்துல இடது கை, அடுத்த கட்டத்துல வலது கைன்னு என் தப்பைப் பிடிச்சுட்டார். இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லை. அவரைத் தெரியுமா?”

அதைக் கண்டுபிடித்தது நான். பஸ்ஸில் அவனுக்கு அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டியதும் நான். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்துவிட்டு வந்திருக்கிறான் பாவி. உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், கோள் மூட்ட வந்தவன் என்றல்லவா நினைப்பார்?

“தெரியும் சார். என் ஃப்ரெண்டுதான்.”

“அப்படியா!” என்று பேனாவை எடுத்தார். பெயர் கேட்பார் என்று தயாராக நின்றேன். கேட்கவேயில்லை. சரசரவென்று எழுதி, ஊதிக் காயவைத்து, சிரித்துக்கொண்டே நீட்டினார்.

நண்பனின் பெயரை எழுதி, ‘அவருடைய நண்பருக்கு, அன்புடன்’ என்று போட்டிருந்தார்.